க்வாலிஸ் நின்றுவிட்டது என்று சொன்னேன்

2025 ஜூன் 8, ஞாயிறு

சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு. இருபத்திரண்டு வயதான வண்டி, மூன்று நாள் மழையில் நனைந்தபடி நின்ற வண்டி, ஒரு செருமல்கூட இல்லாமல் எழுந்துகொண்டது. ஏலப்பாறை டாக்ஸி ஸ்டாண்டில் எல்லோருக்கும் இதில்தான் பொறாமை. நான் மட்டும் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

ஆனைக்கரையிலிருந்து சுவக்கீன் போன் செய்தான். ஏலக்காய் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். எங்கள் க்வாலிஸ்காரர்கள் சங்கத்துக்குச் செயலாளர், பொருளாளர், கோஷம் போடுகிறவன் எல்லாம் அவன்தான். ஜூலை இருபதாம் தேதி பெருமாட்டியில் ஒரு தென்னந்தோப்பில் கூட்டமாம். மலர் அச்சடிக்கிறார்களாம்.

"பாண்டி அண்ணே, டொயோட்டா கம்பெனி எப்படித் தொடங்குச்சு, உங்க வண்டி எப்படி, ரெண்டையும் சேத்து ஒரு பக்கம் எழுதித் தாங்க. நாலு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஒருநாள்கூட வழியில நிக்காத வண்டி உங்களோடதுதான்."

ஒருநாள்கூட வழியில் நிற்காத வண்டி.

சரி என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது?

ஜூன் 11, புதன்

மழை. சவாரி இல்லை. போனில் படித்துக் குறித்துக்கொண்டேன்.

கார் கம்பெனியாகவே பிறக்கவில்லையாம் அது. முதலில் தறி. ஜப்பானில் ஒரு தச்சரின் மகன் நெசவுத் தறி செய்திருக்கிறார். அவர் மகன்தான் பிறகு தறிக் கம்பெனிக்குள்ளேயே ஒரு மூலையில் கார் செய்ய ஆரம்பித்தவர். குடும்பப் பெயர் டொயோடா. டொயோட்டா என்று ஜப்பான் எழுத்தில் எழுதினால் எட்டுக் கோடு வருகிறது, எட்டு ராசியான எண் என்று அப்படி மாற்றிக்கொண்டார்கள். அங்கேயும் ராசி பார்க்கிறான், நம்மைப் போலத்தான்.

க்வாலிஸ் நம் நாட்டுக்கு வந்தது 2000-இல். ஐந்தே வருடம். நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். செய்வதை நிறுத்தி இருபது வருடம் ஆகிறது, எங்கள் மலையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டீசல் ஊற்று, ஆயில் மாற்று, வேறொன்றும் கேட்காது. எள் என்றால் எண்ணெயாக நிற்கும். பத்துப் பேரை ஏற்றினாலும் முகம் சுளிக்காது. கல்யாணத்துக்கும் அதுதான், பிரசவத்துக்கும் அதுதான்.

இதெல்லாம் எழுதக் கை தானாக ஓடுகிறது. ஆனால் ஒரு வரி படித்தேன், அதற்கப்புறம் ஓடவில்லை. அந்தத் தறியின் பெருமையே இதுதானாம் — ஓடும்போது ஒரு நூல் அறுந்தால் போதும், தானாக நின்றுவிடும். அறுந்த நூலோடு மேற்கொண்டு ஒரு விரல்கடைகூட நெய்யாது.

மூடி வைத்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

பழைய டைரியைத் தேடி எடுத்தேன். 2022 ஆகஸ்ட் 14. அந்தப் பக்கத்தில் என் கையெழுத்தில் இரண்டு வரி: "ஆறுமுகசாமி அண்ணன் தவறிவிட்டார். போகிற வழியில் வண்டி நின்றுவிட்டது."

டைரியிடமே பொய் சொல்லியிருக்கிறேன். யார் படிக்கப்போகிறார்கள் இதை? அடப்பாவி, யாருக்காக எழுதினேன்?

இன்றைக்காவது எழுதுகிறேன்.

அன்றும் ஞாயிறு. வாகமண்ணில் மொட்டைக்குன்று பக்கம் எங்கள் சங்கக் கூட்டம். இருபது க்வாலிஸ். என் வண்டியின் மீட்டர் 3,99,986-இல் நின்றது. இன்னும் பதினாலு கிலோமீட்டர் ஓடினால் நாலு லட்சம். எல்லோரும் வரிசையாக ஒரு சுற்று ஓட்டி, மீட்டர் திரும்புவதை வீடியோ எடுத்து, கேக் வெட்டுவதாக ஏற்பாடு. பதினொன்று பத்துக்கு ராமுத்தாய் மதினி போன் செய்தாள். எஸ்டேட் வரிசை வீடுகள், எங்கள் லயத்தில் நாலாவது வீடு. அவள் வீட்டுக்காரர் ஆறுமுகசாமி அண்ணன் தேயிலைப் பாக்டரியில் வேலை. "தம்பி, அவுகளுக்கு நெஞ்சு வலிக்குதுங்காக. வேர்த்துக் கொட்டுது. வெரசா வாப்பா."

"இந்தா கெளம்பிட்டேன் மதினி" என்றேன்.

கிளம்பவில்லை.

வாய்வு வலியாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா, இல்லை அப்படி நினைக்க ஆசைப்பட்டேனா? சுவக்கீன் மாலையோடு நின்றான். எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். யாரிடமும் போன் வந்ததைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்களே என்னைப் பிடித்துத் தள்ளி அனுப்பியிருப்பார்கள். ஊர்வலம் மாதிரி மெதுவாக ஒரு சுற்று. மீட்டர் திரும்பியது. கேக் வெட்டினோம். பன்னிரண்டு பத்துக்குத்தான் புறப்பட்டேன். லயத்துக்கு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டே முக்கால்.

அண்ணனைத் தூக்கி நடு சீட்டில் வைத்தார்கள். "ஏந்தம்பி இம்புட்டு நேரம்?" என்று மதினி கேட்டாள். வாயில் தானாக வந்தது. "வண்டி நின்னுருச்சு மதினி. டீசல் பம்ப்பு மாட்டிக்கிச்சு. கழட்டி மாட்டிட்டு வாறேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ஊரில் வேறு எந்த வண்டியைச் சொன்னாலும் நம்பலாம். இந்த வண்டியைச் சொன்னதையும் நம்பினார்கள், சொன்னது நான் என்பதால்.

முண்டக்கயம் இறக்கத்தில் அண்ணன் கண்ணைத் திறந்து முன் சீட்டைத் தொட்டார். "வண்டி சரியாயிருச்சாடா?" என்றார். அதுதான் கடைசி. ஆஸ்பத்திரியில் டாக்டர் மலையாளத்தில் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஒரு மணிக்கூர் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாமாம்.

ஒரு மணிக்கூர்.

இன்னொன்றும் இருக்கிறது. வாகமண்ணிலிருந்து எங்கள் லயத்துக்குப் பதினாலு கிலோமீட்டர். நேரே வீட்டுக்கு ஓட்டியிருந்தால் அந்த நாலு லட்சம் அண்ணன் வீட்டு வாசலில் திரும்பியிருக்கும்.

ஜூன் 16

எழுதினால் பாரம் குறையும் என்பார்கள். இன்று காலை சாவியைத் திருப்பும்போதும் கேட்டது. வண்டி சரியாயிருச்சாடா.

ஜூன் 25, புதன், அமாவாசை

மதினி வந்துவிட்டாள். மூன்று வருடமாக எந்த அமாவாசையும் தவறவில்லை. கையில் எலுமிச்சம்பழம், பச்சைமிளகாய், நூல். அண்ணனின் கைக்கடிகாரம் அவள் மணிக்கட்டில் வளையல் மாதிரித் தொங்குகிறது. வண்டிக்கு முன்னால் குனிந்து கட்டிவிட்டு, அதன் மூக்கில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஏ, இந்தா பாரு. எனக்குப் பண்ணுனத வேற ஒருத்திக்குப் பண்ணிராத. எங்கயும் நிக்கப்படாது, ஆமா."

பிறகு என்னைப் பார்த்து, "நீ மனசுல வச்சுக்கிறாத தம்பி. வாயில்லாச் சீவன், அது என்ன செய்யும்? யாரு கண்ணு பட்டுச்சோ" என்றாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். மூன்று வருடமாக அந்த வண்டி எனக்கு வரவேண்டிய திட்டை வாங்கிக்கொண்டு நிற்கிறது. ஒருநாளாவது நின்றுபோயிருக்கக் கூடாதா நீ? ஒரே ஒரு நாள், எங்கேயாவது, நாலு பேர் பார்க்க? நின்றிருந்தால் என் பொய்க்கு ஒரு கால் கிடைத்திருக்கும். ஆயில் மாற்றாமல்கூட ஓட்டிப் பார்த்தேன் போன வருடம். சனியன், ஓடுகிறது.

ஜூலை 2, புதன்

பக்கத்தை எழுதி சுவக்கீனுக்கு அனுப்பினேன். கடைசி வரி இப்படி: "இருபத்திரண்டு வருடத்தில், ஒரே ஒரு நாள் தவிர, என் வண்டி வழியில் நின்றதே இல்லை."

அரை மணியில் கூப்பிட்டான். "அதென்னண்ணே ஒரே ஒரு நாள்? எங்க யாருக்கும் தெரியாதே. எப்ப?"

"அது… விடு."

"அந்த வரிய எடுத்துர்றேன். மலர்ல அபசகுனமா இருக்கும்."

எடுக்காதே என்றால் வண்டியின் பெயரைக் கெடுக்கிறேன். எடு என்றால் வண்டி நின்றதே இல்லை என்று அச்சாகிவரும், மதினியிடம் சொன்ன பொய் வெளிப்பட்டுவிடும். மதினி எழுத்துக்கூட்டிப் படிப்பாள்.

எடு என்றேன்.

ஜூலை 5

நடு சீட்டில் யாரையும் உட்காரவிட மனம் வரவில்லை. இன்றைக்கு வந்த டூரிஸ்ட் குடும்பத்தைப் பின் சீட்டுக்கு அனுப்பினேன். அந்த அம்மா, "ஏன், இங்க ஆள் வருதா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

பெருமாட்டியிலிருந்து திரும்பியாயிற்று. முதுகு விட்டுப்போகிறது. ஆனாலும் எழுதாமல் முடியாது.

மதினியின் மகள் மாரீஸ்வரியைக் கட்டிக்கொடுத்தது பெருமாட்டியில்தான். மாப்பிள்ளை ராஜசேகர் அங்கே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். கூட்டம் அங்கே என்று தெரிந்ததும், "என்னயும் கூட்டிட்டுப் போ தம்பி, பிள்ளையப் பாத்துட்டு வாறேன்" என்று மதினி வந்து ஏறிக்கொண்டாள். என் மனைவி சிவசங்கரி முன்னால். மதினி நடு சீட்டில். நான் எப்படி வேண்டாம் என்பேன்? குமுளி, தேனி, பழனி, பொள்ளாச்சி — வழி நெடுகக் கண்ணாடியில் அவள் முகம். அவர் தலை வைத்திருந்த அதே இடம். தூங்கும்போது அவளுக்கும் தலை அதே பக்கம்தான் சாய்கிறது.

கூட்டம் அமர்க்களம். முப்பத்தொரு வண்டி. ஒருத்தர் தன் வண்டிக்குப் பட்டு வேட்டியே கட்டியிருந்தார். எனக்கு ஒரு கேடயம்: "ஒருபோதும் கைவிடாத வண்டி". சுவக்கீன் மைக்கில் என் பக்கத்தை வாசித்தான். தறிக் கதைக்கு நல்ல கைதட்டல். கடைசியில், "என் வண்டி வழியில் நின்றதே இல்லை!"

மதினி பந்தல் கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். கைதட்டவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. ஏதோ மறந்துபோனதை நினைத்துப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

சாப்பாட்டுக்கு அப்புறம் ராஜசேகர் வண்டியைப் பார்க்கிறேன் என்று பானெட்டைத் தூக்கினான். தொழில்காரன், கை சும்மா இருக்காது. டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஏனுங்க மாமா, அன்னைக்குப் பம்ப்பக் கழட்டி மாட்டுனதாச் சொன்னீங்களாமா?"

"ஆமா."

"இந்த போல்ட்டு மேல கம்பெனியில வெச்ச பெயிண்ட்டுக் கோடு அப்படியே இருக்குதுங்க. ஒருக்கா ஸ்பேனர் போட்டிருந்தாலே உடைஞ்சிருக்கும். இதைய ஒருத்தரும் தொடவே இல்லீங்க மாமா."

மூன்று வருடம் நான் எத்தனையோ தடவை அந்தப் பானெட்டைத் தூக்கியிருக்கிறேன். அந்தக் கோடு என் கண்ணில் பட்டதே இல்லை. வண்டி தன் சாட்சியை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

 அவன் காரணம் கேட்கவில்லை. பானெட்டை மெதுவாக இறக்கினான். "நானு ஆருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்க. ஆனா, அத்தை மாசாமாசம் எலுமிச்சம்பழம் கட்டறாங்கன்னு மாரி சொல்லுவா. அதுதானுங்க எனக்கு ஒரு மாதிரியா இருக்குது."

திரும்பி வரும்போது மதினி ஒரே ஒரு தடவை பேசினாள், பழனி தாண்டி. "தம்பி, அந்தப் பையன் மைக்குல தப்பா வாசிச்சுட்டான்லா? ஒரு தடவ நின்னுச்சே?"

"ஆமா மதினி. தப்பா வாசிச்சுட்டான்."

ஐயோ. இன்னொன்று.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

சொல்லிவிட்டேன்.

அவள் நூலைக் கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குத் திதி கொடுத்துவிட்டு வந்த ஈரத்தலை. "இன்னொருத்திக்குப் பண்ணிராத" என்று வண்டியிடம் ஆரம்பித்தாள் பாருங்கள், என்னால் முடியவில்லை. "மதினி, அது நிக்கல" என்றேன். "என்னது?" என்றாள். "வண்டி அன்னைக்கு நிக்கவே இல்ல. நான்தான் வரல." எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், மீட்டர், மாலை, ஹாரன், கேக். நின்ற இடத்திலேயே, மழைத் தூறலில்.

அவள் கை நூலிலேயே இருந்தது.

"என்ன கேக்கு?"

"நாலு லட்சம்னு எழுதுன கேக்கு மதினி."

"நல்லா இருந்துச்சா?"

அவள் கத்தியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். லயமே கூடியிருக்கும், நானும் தலைகுனிந்து நின்றிருப்பேன். கட்டிய பழத்தை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்குள் வந்து சங்கரியிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அன்னைக்கே உங்க சட்டைக் கையில வெள்ள க்ரீம் ஒட்டியிருந்துச்சு. நான்தான் தொவச்சேன்" என்றாள். மூன்று வருடம், ஒரே வீடு!

ஜூலை 30

மதினி பஸ்ஸில் போகிறாள். யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஸ்டாண்டில் எல்லோரும் எப்போதும்போலப் பேசுகிறார்கள். ஊரே காறித் துப்பினால்கூடத் தேவலை.

ஆகஸ்ட் 6

கேடயத்தைச் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். வளைவுகளில் உருண்டு உருண்டு சத்தம் போடுகிறது. எடுத்துவிடலாம்தான். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

பத்து மணிக்கு மதினி வாசலில் வந்து நின்றாள். மூன்று வாரத்துக்கு அப்புறம் முதல் பேச்சு. "வண்டிய எடு."

"எங்க மதினி?"

"அன்னைக்கு நீ எங்க நின்னியோ, அங்க."

நடு சீட்டில் ஏறிக்கொண்டாள். மொட்டைக்குன்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். பனி இறங்கியிருந்தது. கேக் வெட்டிய இடத்தில் இன்று டூரிஸ்ட் பிள்ளைகள் சோளம் தின்றுகொண்டிருந்தார்கள். இறங்கிச் சுற்றிலும் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். காத்திருந்தாள். பதினொன்று பத்து ஆனதும் ஏறி உட்கார்ந்தாள்.

"இப்ப எடு. அன்னைக்கு வந்திருக்க வேண்டிய மாதிரி வா."

வந்தேன். கடவுளே, எப்படி வந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். பனியில் முன்னால் பத்தடி தெரியவில்லை. எங்கேயாவது ஒரு லாரி குறுக்கே நிற்காதா, மரம் விழுந்திருக்காதா, நேரமாகிவிடாதா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஒன்றும் குறுக்கே வரவில்லை. வண்டி வெண்ணெய் மாதிரி வந்தது. அவள் வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

"பதினொண்ணு நாப்பத்தி நாலு" என்றாள்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் அவள் என்னைப் பார்த்துப் பேசவில்லை. தன் வீட்டுக் கதவைப் பார்த்துப் பேசினாள்.

"இந்நேரம் அவுக எந்திரிச்சு உக்காந்து கட்டஞ்சாயா குடிச்சாக. வேர்வைதான். பேச்செல்லாம் தெளிவு. சோலை ஜீப்பு இந்தா இந்த வாசல்ல வந்து நின்னுச்சு, ஏறுங்க அண்ணேன்னான். அவுகதான் வேண்டாம்னாக. பாண்டி வாறேன்னுட்டான், அவன் வண்டி வந்தா வந்தமாதிரி, ஜீப்புல போனா குலுங்கும்னாக. சோலைய அனுப்பிட்டாக."

ஸ்டாண்டில் என் வண்டிக்குப் பக்கத்தில்தான் சோலை தினமும் ஜீப்பை நிறுத்துகிறான். இதை அவன் என்னிடம் சொன்னதே இல்லை. என் வண்டியை நம்பி, வாசலில் நின்ற ஜீப்பை அனுப்பியிருக்கிறார். நான் வராமல் மட்டும் இல்லை, வந்ததையும் தடுத்திருக்கிறேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் முன்னால் அழ எனக்கு என்ன யோக்கியதை?

இறங்கி முன்னால் போனாள். வண்டியின் மூக்கில் கையை வைத்தாள். "உன்னய மூணு வருசம் வஞ்சுட்டேன்" என்றாள். முந்தானையிலிருந்து திருநீறு எடுத்துப் பூசினாள், வண்டிக்கு.

பிறகு என் கதவுப் பக்கம் வந்தாள். "மன்னிச்சேன்னு என் வாயில வராது. எதிர்பாக்காத."

"இல்ல மதினி."

"இனிமே இந்த லயத்துல யாருக்கு முடியலன்னாலும் நான்தான் உனக்குப் போன் போடுவேன். நீ வரணும். நான் மணி பாப்பேன்."

ஆகஸ்ட் 15

சுவக்கீனிடம் சொல்லிவிட்டேன்.  "அண்ணே, நான்தானே மாலைய வச்சுக்கிட்டு நின்னேன்" என்றான். நீ என்ன செய்வாய், உனக்குத் தெரியாதே என்றேன். சங்கத்து குரூப்பில் அந்த வீடியோ இப்போது இல்லை. சோலையிடமும் சொன்னேன். பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி, அமாவாசை

யாரும் வரவில்லை. வண்டிக்கு முன்னால் பழைய நூல் மட்டும் ஒரு முழம் தொங்குகிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஏலப்பாறையில் பெட்டிக்கடை முன்னால் டீ வாங்கிக் கையில் பிடித்திருந்தேன். போன். "அழகுத்தாய்க்கு வலி எடுத்துருச்சு. வா." அவ்வளவுதான், மதினி வைத்துவிட்டாள். அழகுத்தாய் எங்கள் லயத்துப் பெண், நிறைமாதம்.

டீயை எங்கே வைத்தேன் என்று ஞாபகம் இல்லை. ஒரே திருப்பு. லயத்து முக்கில் மதினி ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள், மணிக்கட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி. அழகுத்தாயை நடு சீட்டில் படுக்கவைத்தார்கள். மதினி அவள் தலையைத் தன் மடியில் எடுத்துக்கொண்டாள்.

"பதினோரு நிமிசம்" என்றாள். "போ."

முண்டக்கயம் இறக்கத்தில் அழகுத்தாய் கத்திக்கொண்டே இருந்தாள். அதற்கு நடுவிலும் மற்றது எனக்குக் கேட்டது. வண்டி சரியாயிருச்சாடா. ஆயிருச்சுண்ணே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கண்ணாடியில் மதினி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

பெண் குழந்தை. திரும்பும்போது மதினி பஸ்ஸில் வந்துவிட்டாள்.